சக்கரத்தில் பழுப்பு இல்லை

எனக்குத் தெரிந்த முதல் நிறக்கலவை ஆரத்தி. பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைக் கரைப்பார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரல்நுனியில் எடுத்து அதில் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். மஞ்சள் தண்ணீர் கண்முன்னே ரத்தமாகும். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் சிவப்பு. ஐந்து வயதில் நான் வைத்திருந்த வண்ணக் கோட்பாடு இதுதான். தமிழ்ப்பள்ளியின் ஓவிய வகுப்பில் மஞ்சள் போஸ்டர் கலரோடு வெள்ளையைக் குழைத்துவிட்டு, சிவப்பு வரும் வரும் என்று காத்திருந்தேன். வெளிறிய மஞ்சள்தான் வந்தது.

மஞ்சளில் இருக்கும் குர்குமின், சுண்ணாம்பின் காரம் பட்டதும் தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது. அது ரசாயனம். டியூபில் அடைத்து விற்கும் நிறமிகள் அப்படி உருமாறுவதில்லை. ஒன்றன் பக்கத்தில் ஒன்று கிடந்து, விழுகிற வெளிச்சத்தில் தத்தம் பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. இரண்டு நிறத்தைக் கலந்தால் இரண்டு வாய் தின்கிறது, மிச்சம் குறைகிறது. வண்ணக் கலவையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களுக்கெல்லாம் அடியில் கிடக்கும் விஷயம் இவ்வளவுதான். எனக்கு இது புரிய முப்பது வருடமும் மூன்று வண்ணச் சக்கரங்களும் தேவைப்பட்டன.

பெட்டாலிங் ஜெயாவில், தாமான் ஜெயா எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அம்கார்ப் மாலில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய இசைத்தட்டு, நின்றுபோன கைக்கடிகாரம், யாரோ இறந்தபின் வீட்டார் தூக்கிப்போட்ட புத்தகங்கள். அங்கேதான் ஜோஹனஸ் இட்டனின் 'தி ஆர்ட் ஆஃப் கலர்' கிடைத்தது. முதுகு பிய்ந்த பிரதி, நாற்பது வெள்ளி. 1961இல் வந்த நூல். இட்டன் சுவிட்சர்லாந்துக்காரர். 1919 முதல் 1923 வரை வைமாரில் பௌஹவுஸ் பள்ளியின் தொடக்க வகுப்பை நடத்தியவர். (மொட்டைத் தலையும் அங்கியுமாக வந்து, பாடத்துக்கு முன் மாணவர்களுக்கு மூச்சுப்பயிற்சி கொடுப்பாராம். இந்த மாதிரி ஆட்களை நமக்கு நன்றாகத் தெரியும்.) நடுவில் மஞ்சள், சிவப்பு, நீலம் சேர்ந்த முக்கோணம், அதைச் சுற்றி ஆரஞ்சு, பச்சை, ஊதா, வெளியே பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட வளையம். இன்று பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் வண்ணச் சக்கரங்களில் பாதிக்கு மேல் இந்தப் படத்தின் பேரப்பிள்ளைகள்.

சக்கரத்தைப் பார்க்காதே, செய்து பார் என்பது இட்டன் பள்ளியின் உபதேசம். செய்தேன். வீட்டுக் கார் போர்ச்சில் பழைய நாளிதழை விரித்து, மைலோ டின் மூடியை வைத்து வட்டம் வரைந்து, பன்னிரண்டாகப் பிரித்து, மாணவர்களுக்கான அக்ரிலிக் பெட்டியைத் திறந்தேன். மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் பாதை சர்க்கரையாக இருந்தது. லெமன் யெல்லோவும் தாலோ ப்ளூவும் சேர்ந்து கிளிப்பச்சை கொடுத்தன. அடுத்து ஊதா. கேட்மியம் ரெட்டில் அதே நீலத்தைச் சேர்த்தேன். வந்தது ஊதா இல்லை. காய்ந்த ரத்தத்துக்கும் கழுவாத பாத்திரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. சிவப்பைக் கூட்டினேன், நீலத்தைக் கூட்டினேன், வெள்ளையை விட்டுப் பார்த்தேன். வெள்ளை விட்டதும் குட்டு இன்னும் வெளிப்பட்டது: சாம்பல் பூத்த ஒரு பழுப்பு.

புத்தகத்தில் இதற்கு ஆறுதல் இல்லை. மஞ்சள், பச்சைப் பக்கமும் சாயாமல் சிவப்புப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் பக்கமும் நீலப் பக்கமும் சாயக்கூடாது. நீலமும் அப்படியே என்கிறார் இட்டன். கலவைகளை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும் என்று எச்சரிக்கிறார். ஆக, வரவில்லை என்றால் தப்பு நம் கையில். என் முதல் புகார் இங்கேதான். அவர் கேட்கும் சிவப்பு எந்தக் கடையிலும் இல்லை. டியூபில் இருப்பது 'சிவப்பு' என்ற கருத்து கிடையாது. கேட்மியம் என்றோ குவினக்ரிடோன் என்றோ பெயர் கொண்ட ஒரு பொடி. ஒவ்வொரு பொடிக்கும் ஒரு சாய்மானம் உண்டு. கேட்மியம் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது. தாலோ நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் சேர்க்கும்போது, கேட்காமலே ஒரு மஞ்சளும் பச்சையும் விருந்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஊதாவுக்குத் தேவையான வெளிச்சத்தை அவை தின்றுவிடுகின்றன. என் கையில் தப்பில்லை.

மூன்று நிறத்திலிருந்து எல்லாம் பிறக்கும் என்பது எப்போதும் ஓர் ஆசை. நியூட்டன் 1704இல் 'ஆப்டிக்ஸ்' நூலில் வெளிச்சத்தின் நிறங்களை வட்டமாக வளைத்தபோது ஏழு கட்டம் போட்டார். இசையின் சுரங்களோடு அவை பொருந்த வேண்டும் என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. 1725 வாக்கில் லெ ப்ளோன் மூன்று மையை வைத்துப் படம் அச்சடித்துக் காட்டினார். நம் பக்கத்து விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திர சூத்திரம் மூல நிறங்களை ஐந்தாக எண்ணுகிறது, வெள்ளையையும் கறுப்பையும் உள்ளே சேர்த்து. வேலை செய்கிற ஓவியன் போட்ட கணக்கு அது என்று எனக்குத் தோன்றுகிறது. பலகையில் வெள்ளையும் கறுப்பும் வைத்துக்கொண்டுதான் பலரும் படம் வரைந்திருக்கிறார்கள்.

எனக்கு வழிகாட்டியது இட்டனைவிட மிகச் சாதாரணமான ஒரு கைப்புத்தகம். மைக்கேல் வில்காக்ஸ் 1980களில் எழுதியது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை ஆவதில்லை என்பதே அதன் தலைப்பு. எழுத்து வறட்டு எழுத்து. படங்கள் சாயக் கம்பெனி அட்டைபோல இருக்கும். ஆனால் விஷயம் இருக்கிறது: ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் இரண்டு வாங்கு, ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தது, ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்தது, பளிச்சென்ற கலவை வேண்டுமானால் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த இரண்டைச் சேர். மெஜந்தாவும் அல்ட்ராமரின் நீலமும் வாங்கி வந்தேன். இரண்டாவது சக்கரத்தில் ஊதா வந்தது, வாடாமல்லிப் பூ மாதிரி. அன்று மாலை தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டலாம்போல இருந்தது.

அல்ட்ராமரின் டியூபை முதலில் பிதுக்கியபோது, இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பட்டது. தோட்டத்து லயத்தில் பாட்டி துணிக்குப் போட்ட நீலம். ஒருகாலத்தில் லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த, தங்கத்தின் விலை விற்ற அந்த நிறத்தை 1820களின் பிற்பகுதியில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அது மலிந்து சலவைத் தொட்டி வரைக்கும் வந்துசேர்ந்தது. பழசாகிப் பழுத்த வெள்ளை வேட்டியை நீலம் கலந்த தண்ணீரில் முக்கினால் வெளுத்துத் தெரியும். அழுக்கு போய்விடவில்லை. மஞ்சளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் நீல ஊதா அந்த மஞ்சளை அடித்துப்போட்டுவிட்டது. இரண்டும் சேர்ந்து மிக லேசான சாம்பல். அதை நம் கண் வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. சக்கரத்தில் எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று கொல்லும் என்று இட்டன் பக்கம் பக்கமாக விளக்குவதை, பாட்டி வாரம் ஒருமுறை தொட்டியில் செய்திருக்கிறார்.

சரி, சக்கரம் வந்துவிட்டது, பிறகு என்ன? இங்கேதான் எனக்கு அந்தப் புத்தகங்களோடு உண்மையான சண்டை தொடங்குகிறது.

சக்கரத்தின் விளிம்பெல்லாம் பளபளப்பு. எதிர்நிறங்களைக் கலக்கக் கலக்க நாம் உள்ளே, மையத்தை நோக்கிப் போகிறோம். அங்கே இருப்பதைப் புத்தகங்கள் 'சேறு' என்கின்றன. சேறாக்கிவிடாதே, சேறு வந்தால் தூரிகையைக் கழுவு, சேறு வராமல் இருக்கப் பத்து வழி. வில்காக்ஸிடமும் இந்தப் பயம் உண்டு. நான் குடியிருப்பது கோலாலம்பூரின் பக்கத்தில். அந்தப் பெயருக்கே சேற்று ஆறுகள் கூடும் இடம் என்றுதான் பொருள். கோம்பாக்கும் கிள்ளானும் கலக்கும் மஸ்ஜித் ஜாமெக் அருகே மழை பெய்த மறுநாள் போய் நின்று பாருங்கள். அந்தத் தண்ணீரின் நிறம் எந்தச் சக்கரத்திலும் இல்லை. தாமான் வெட்டுகிற செம்மண் மேடு இல்லை, தே தாரிக் இல்லை, ரப்பர் மரப் பட்டை இல்லை. என் முழங்கை இல்லை.

பழுப்பு ஏன் சக்கரத்தில் இல்லை? ஏனென்றால் அது தனி நிறமே கிடையாது, இருட்டான ஆரஞ்சு. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஆரஞ்சில் துளித்துளியாக நீலத்தை விட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஆரஞ்சு என்ற பெயர் உதிர்ந்து பழுப்பு என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. பழுப்பு தனியாக இருக்க முடியாத நிறம். சுற்றிலும் அதைவிட வெளிச்சமான ஏதாவது இருந்தால்தான் பழுப்பு. கும்மிருட்டில் அந்த ஒளி மட்டும் எரிந்தால் ஆரஞ்சாகவே தெரியும். அக்கம்பக்கம் பார்த்துத்தான் அதற்குப் பெயர் கிடைக்கிறது. மனிதத் தோலின் நிறங்களும் பெரும்பாலும் இந்த ஆரஞ்சுப் பக்கத்திலேயே அடங்கிவிடுகின்றன. நோர்வேக்காரருக்கும் நமக்கும் நடுவில் மாறுவது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அழுத்தம் என்பதுதான். பர்ன்ட் சியென்னா, யெல்லோ ஓக்கர், வெள்ளை, கொஞ்சம் அல்ட்ராமரின்: இந்த நான்கில் ஒரு தாமானில் வாழ்கிற அத்தனை பேரையும் கலந்துவிடலாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் நீலமே இல்லாமல் வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன், கறுப்பு நான்கை வைத்து உடம்புகளை வரைந்தார். அவர் பலகையில் கறுப்பே நீலத்தின் வேலையைச் செய்தது.

இட்டன் தோலைப் பற்றிப் பேசாமல் இல்லை. பேசுகிறார், அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமான நிறக்கூட்டு உண்டு என்று சொல்லும் அருமையான பகுதி ஒன்று புத்தகத்தில் வருகிறது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே இணைவுகளைக் கொடுத்தபோது மாணவர்கள் முரண்டு பிடித்தார்கள், அதிலிருந்து இதைக் கண்டுகொண்டேன் என்கிறார். நல்ல ஆசிரியரின் அவதானிப்பு. ஆனால் அடுத்த எட்டிலேயே அதை முடியிலும் தோலிலும் கண்ணிலும் கொண்டுபோய்க் கட்டுகிறார். பொன்முடி, நீலக்கண், ரோஜாத்தோல் கொண்டவர்கள் தூய நிறங்களோடு வேலை செய்வார்களாம்; கருமுடி, கருந்தோல் உள்ளவர்களின் கூட்டில் கறுப்புக்கே முக்கிய இடமாம். தூய்மை அந்தப் பக்கம், கறுப்பு இந்தப் பக்கம். முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். மனிதர் கெட்டவர் இல்லை. விளிம்பின் பளபளப்பே நிறத்தின் உயர்ந்த நிலை என்று நம்பிவிட்டால், மையத்தில் இருக்கிறவர்களைப் பற்றி இப்படித்தான் யோசிக்க வரும்.

அக்கா மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன பள்ளி விடுமுறையில் குடும்பப் படம் வரைந்துகொண்டிருந்தவள் பெட்டியைக் கிளறிவிட்டு, "மாமா, தோல் கலர் எங்க?" என்றாள்.

"எந்தத் தோலு?"

"அதான், தோல் கலரு."

அவள் தேடியது வெளிறிய இளஞ்சிவப்புப் பென்சில். அதைத்தான் வகுப்பில் எல்லா இனப் பிள்ளைகளும் அப்படிச் சொல்கிறார்கள், மலாயிலும் அதே அர்த்தத்தில் 'வார்னா குலிட்'. அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி 'சதை' என்று பெயர் வைத்திருந்த கிரேயானை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வீட்டு மேஜைகளில் பழைய பெயர் இன்னும் சாகவில்லை. அவள் கையைத் தாளின்மேல் வைக்கச் சொல்லி, பக்கத்தில் அக்ரிலிக்கைக் கலந்து காட்டினேன். சியென்னாவில் ஓக்கர், துளி மெஜந்தா, வெள்ளை. கை எது சாயம் எது என்று தெரியாத அளவுக்கு வந்தது. எனக்கு ஒரே பெருமை. அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பாட்டி கலர் மாமா, என் கலர் இல்ல," என்றாள். பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நம் மொழி அவளுக்கு என்ன கொடுத்திருக்கிறது? புடவைக்கடைக்குப் போனால் தமிழ் எவ்வளவு நுட்பமான மொழி: அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், ராமர்பச்சை, பாசிப்பச்சை, வெங்காயச் சருகு. உடம்பு என்று வந்ததும் மூன்றே சொல்: சிவப்பு, மாநிறம், கறுப்பு. அதிலும் 'பொண்ணு நல்ல செவப்பு' என்றால் அந்தப் பெண்ணிடம் சிவப்பு இல்லை, வெளுப்பு இருக்கிறது என்று பொருள். நம் சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள். மலேசியாவில் வந்தவை, தமிழ்நாட்டில் வந்தவை இரண்டும்தான். கதாநாயகி மாநிறம், தோட்டத்து ஆண் கட்டைக் கறுப்பு, ஒருத்தி கறுப்பானாலும் களையானவள். அந்த 'ஆனாலும்' எத்தனை கதைகளில் உட்கார்ந்திருக்கிறது! வெயிலில் நிற்கிற ஒரு தோளில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்த்து எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கவிதை இன்னும் மோசம். இந்த நாட்டில் மூன்று முதன்மை நிறம் என்றதும் மூன்று இனம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது, உடனே ஒரு வானவில், உடனே ஒற்றுமை. முதன்மை நிறம் என்றால் வேறெதையும் கலந்து பெற முடியாதது என்று அர்த்தம். எந்தப் பாட்டனாரும் அப்படிப் பிறக்கவில்லை. சாயத்தைக் கையில் தொட்டிருந்தால் இந்த உவமையை யாரும் எழுதத் துணியமாட்டார்கள்.

முன்பு இப்படி இல்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அவன் பிரிந்துபோனால் அந்த மாமை கெட்டு, பீர்க்கம்பூவின் மஞ்சளாக மேனியில் பசலை ஏறும். வெளிறுவது நோய், தளிரின் பழுப்பு நலம். குறுந்தொகையையும் நற்றிணையையும் தேர்வுக்காகப் படித்தபோது பசலையை வெறும் மரபாகத்தான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மாமரம். தளிர்விடும் பருவத்தில் ஒரு கொத்தைப் பறித்துவந்து பக்கத்தில் வைத்துக் கலந்தேன். செம்பு, அதில் மெஜந்தாவின் ஓர் இழை, மேலே ஈரத்தின் பளபளப்பு. சியென்னா, மெஜந்தா, மிகச் சிறிது அல்ட்ராமரின். ஆரஞ்சும் நீலமும் ஒன்றையொன்று கொல்லும் இடத்துக்குச் சற்று முன்னே நிற்கிற நிறம். புத்தகம் 'சேறு' என்று தூரிகையைக் கழுவச் சொல்லும் எல்லை. அந்த எல்லைக்கு ஒரு சொல் வைத்திருந்தவர்கள் எப்படிப் பார்த்திருக்க வேண்டும்!

ஓவியத்திலும் இந்த இழப்பு தெரிகிறது. ரவிவர்மா 1894இல் பம்பாய் அருகே அச்சகம் தொடங்கி ஊரெங்கும் அனுப்பிய லட்சுமியும் சரஸ்வதியும் வெண்ணெய் நிறத்தவர்கள். அவர்களுடைய வாரிசுகள் பெட்டாலிங் ஜெயா வீடுகளின் சாமி மாடங்களில் இன்றும் இருக்கிறார்கள். ரவிவர்மாவின் கைத்திறனை நான் மறுக்கவில்லை; பட்டுப்புடவைக்கு அவர் கொடுத்த கவனத்தைத் தோலுக்குக் கொடுக்கவில்லை என்பதே என் குறை. புடவைக்கு நாற்பது சொல், உடம்புக்கு மூன்று சொல் என்ற அதே கணக்கு. மறுபக்கம் அம்ரிதா ஷெர்கில். புடாபெஸ்டில் பிறந்து பாரீஸில் படித்தவர். அஜந்தாவைப் பார்த்துவிட்டுத் தெற்கே வந்து சுற்றியபின் 1937இல் மூன்று படங்கள் வரைந்தார். அதில் 'பிரம்மச்சாரிகள்' என்ற படத்தை அச்சில்தான் பார்த்திருக்கிறேன்; அசல் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளை வேட்டி கட்டிய வெற்றுடம்பு இளைஞர்கள். ஒவ்வோர் உடம்பும் வேறு வேறு பழுப்பு. அந்த வேட்டியின் வெள்ளைதான் அவர்களைப் பழுப்பாக்குகிறது, அந்தப் பழுப்புதான் வேட்டியை வெள்ளையாக்குகிறது. இட்டன் அறிந்த பாடம்தான் இது. ஆனால் அவர் சக்கரத்தின் விளிம்பில் நின்று இந்தப் படத்தை வரைய முடியாது.

அப்படியென்றால் சக்கரமே வேண்டாமா? வேண்டும். தொடங்குகிற எவரையும் முதலில் சக்கரம் செய்யத்தான் சொல்வேன், அச்சடித்ததை வாங்கிச் சுவரில் மாட்டச் சொல்லமாட்டேன். வாங்கிய சக்கரத்தில் ஊதா தப்பாது. தப்பிய அந்த ஊதாதான் எனக்கு நிறமிகளின் சாய்மானத்தைச் சொல்லிக்கொடுத்தது. இட்டனையும் படிக்கலாம், எதிர்த்துப் படிக்கலாம். செய்து முடித்த பன்னிரண்டு கட்டங்களோடு நிறுத்திவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். எதிரெதிர்க் கட்டங்களைக் கோடு போட்டு இணைத்து, உள்ளே இறங்கிப் போங்கள்.

என் மூன்றாவது சக்கரம் சக்கரமாகவே இல்லை. ஆரஞ்சில் தொடங்கி நீலத்தில் முடியும் ஒரு நீளப் பட்டை, இருபத்து நான்கு கட்டம். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெயர் எழுதுவது என்று தீர்மானம் செய்தேன். மாந்தளிர், செம்மண், சீக்கு பழம், கருப்பட்டி, புளி, தே தாரிக், ரப்பர்கொட்டை, காய்ந்த வாழைச்சருகு, மழைக்குப் பிந்திய கிள்ளான் ஆறு. ஒன்பதில் பேனா நின்றுவிட்டது. மறுவாரம் வந்த அக்கா மகள் பட்டையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். என்னைக் கேட்காமலே பேனாவை எடுத்துப் பதினோராவது கட்டத்தின் கீழ் 'பாட்டி' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, பதினான்காவதில் 'மாமா'. தனக்கு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. மீதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. பட்டை இப்போது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, பேனா பக்கத்திலேயே தொங்குகிறது.